துருவப் பனிக்கடலில் திறந்த நீர்: நம்ம ஆடி மாதக் குளிர்நீர் மாதிரிதானா?

மணக்குடி டீச்சர்:

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு ‘பொலின்யா’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறோம். பனி மூடிய துருவக் கடலுக்கு நடுவே உறையாமல் கிடக்கும் நீர்ப்பரப்புதான் பொலின்யா. பாதிப் பிள்ளைகள் வீட்டில் கடல்தொழில், அதனால் முதல் கேள்வியே இதுதான்: “குளச்சல், முட்டம் பக்கம் ஆனி ஆடியில் அடித்தண்ணி குளிர்ந்து மேல வந்தா சாளையும் நெத்தோலியும் கூடுமே, அதுவும் இதுவும் ஒண்ணா?” தண்ணீர் சூடாக இருப்பதால்தான் உயிர்கள் அங்கே கூடுகின்றன என்று ஒரு குழு அட்டையில் எழுதியும்விட்டது. சரியா? வகுப்பில் செய்து காட்டவும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

தெற்குக்கரை:

அட்டையை மாற்றச் சொல்லுங்க டீச்சர். கரையோரப் பொலின்யாக்களில் பெரும்பாலானவற்றின் நீர் உறைநிலையிலேயே, அதாவது சுமார் -1.8 டிகிரியில்தான் இருக்கும். அங்கே பனி உருவாகாமல் இல்லை. உருவாக உருவாகக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அண்டார்க்டிகா பீடபூமியின் மேல் குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்குகளில் நெருங்கி வேகமெடுத்துக் கடலில் பாய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் காற்று நெருங்குவது புரியும். ஆனால் அண்டார்க்டிகாவில் காற்றை இறக்குவது அதன் சொந்தக் கனம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காற்று மட்டும் போதாது, தடுப்பும் வேண்டும். அண்டார்க்டிகாவின் டெரா நோவா விரிகுடாவில் டிரைகால்ஸ்கி பனிநாக்கு (நிலத்துப் பனியாறு நாக்குபோலக் கடலுக்குள் நீண்டு மிதப்பது) தெற்கிலிருந்து வரும் பனியை மறிக்கிறது. மெர்ட்ஸ் பனிநாக்கு 2010இல் ஒரு பெரிய பனிமலை மோதி உடைந்தது. மறிப்பு போனதும் அங்கிருந்த பொலின்யாவில் பனி உற்பத்தி குறைந்தது.

இரண்டாவது வகை நடுக்கடலில் திறப்பது. இதைத்தான் நம்ம குளிர்நீரோடு ஒப்பிடலாம், ஆனால் தலைகீழாக. இங்கே காற்று மேல்நீரை வெளியே தள்ள, கீழிருந்து குளிர்நீர் ஏறுகிறது. அங்கே மேல்நீர் உறைநிலையில் இருக்க, கீழிருந்து 0 டிகிரிக்குச் சற்று மேலான நீர் ஏறிப் பனியைக் கரைக்கிறது. அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் 1974 முதல் 1976 வரை குளிர்காலந்தோறும் திறந்தது இப்படித்தான். சுமார் 2,50,000 சதுர கி.மீ., ஏறக்குறைய இரண்டு தமிழ்நாடு! பிறகு 2016, 2017இல் மாட் ரைஸ் என்ற கடலடி மேட்டின் மேல் சிறிதாகத் திறந்தது.

நீவாடு:

உயிர்கள் கூடும் காரணத்தை நான் சொல்கிறேன். முதல் காரணம் வெளிச்சம். வெண்பனி படிந்த கடற்பனி சூரிய ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். பொலின்யாவில் அந்தத் தடை இல்லாததால், சுற்றிலும் பனி மூடியிருக்கும்போதே மிதவைப்பாசி பெருகத் தொடங்கிவிடும். அண்டார்க்டிகாவின் ராஸ் கடலில் நவம்பரில் தொடங்கி டிசம்பரில் உச்சம் தொடும். ஆனால் திறந்திருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. குளிர்கால இருட்டில் திறந்திருந்தும் பாசி வளராது. காற்று ஓயாமல் அடித்தால் பாசி வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குக் கலக்கப்பட்டுவிடும். காற்று தணிந்து, உருகிய பனிநீர் மேலே மெல்லிய அடுக்காக நிற்கும்போதுதான் நல்ல விளைச்சல்.

இரண்டாவது காரணம் இரும்பு. அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலில் பாசிக்கு உரமான நைட்ரேட்டுக்குக் குறைவில்லை, இரும்புக்குத்தான் பஞ்சம். அமுண்ட்சென் கடல் பொலின்யாவில் பரப்பளவுக்கு மிக அதிக விளைச்சல் வருவதற்கு, அருகிலுள்ள பனித்தட்டுகள் (நிலத்திலிருந்து கடல்மேல் நீண்டு மிதக்கும் தடித்த பனி) அடியில் உருகுவதால் வரும் இரும்பு முக்கியக் காரணம்.

எந்தப் பாசி என்பதும் முக்கியம். டயட்டம் என்ற பாசி என்றால் கிரில், கோபிபாட் போன்ற இறால் மாதிரிச் சிற்றுயிர்கள் மேய்ந்து, அது உணவுச்சங்கிலியில் மேலே போகும். ஃபியோசிஸ்டிஸ் என்ற இன்னொரு பாசி என்றால் வழவழப்பான கூட்டமாகத் திரளும், மேய்வோர் அதிகம் தொடமாட்டார்கள், பெரும்பகுதி அடியில் படியும். பச்சையாகத் தெரிகிறதென்று மீன் பெருகும் எனச் சொல்லிவிட முடியாது. நம்ம கடலிலும் இதே கதைதான்.

வடக்கே, கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே ‘நார்த் வாட்டர்’ பொலின்யா சுமார் 80,000 சதுர கி.மீ., நம்ம மாவட்டத்தைப் போல நாற்பது மடங்குக்கு மேல். கொழுப்பு நிறைந்த கோபிபாட்களைத் தின்ன லிட்டில் ஆக் என்ற சிறு கடற்பறவைகள் கோடிக்கணக்கில் அங்கே வருகின்றன. நார்வால், பெலூகா என்ற திமிங்கில வகைகள், வால்ரஸ் எல்லாவற்றுக்கும் மூச்சுவிட இடம் அது. அதற்கு வடக்கே உள்ள நேர்ஸ் நீரிணையில் பனி வளைவாக இறுகி நின்று வடக்குப் பனியை மறிப்பதால்தான் அது திறந்திருக்கிறது. வளைவு அமையாத ஆண்டுகளில் வடக்கிலிருந்து பனி தாராளமாக இறங்கிவிடும்.

ஆபத்தும் உண்டு. திடீரென மூடினால் திமிங்கிலங்கள் சிறு துளையில் நெருக்கியடித்துச் சிக்கிக்கொள்ளும். கிரீன்லாந்தில் இதற்கு ‘சவ்சாத்’ என்று பெயர். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் 1991–92 குளிர்காலத்தில் இப்படிப் பனி மூடி, ஈடர் வாத்துகள் ஏராளமாகச் செத்தன.

உப்பளம்:

செய்முறை சொல்கிறேன். கடல்நீர் உறையும்போது உப்பு வெளியேறுகிறது என்பதைக் காட்டலாம். பொலின்யாவின் அடுத்த பெரிய வேலை அது. அந்த உப்புச்செறிந்த கனநீர் மூழ்கித்தான் அண்டார்க்டிக் அடிநீர் (ஆழ்கடலின் அடியில் பரவும் கனத்த குளிர்நீர்) உருவாகிறது.

965 மி.லி. தண்ணீரில் 35 கிராம் புத்தளம் கல்லுப்பு. வடிகட்டி, நாலு சொட்டு நீல மை விட்டு, முதல் நாளே ஃப்ரிட்ஜில் குளிரவையுங்கள். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாவின் பக்கங்களிலும் அடியிலும் இரண்டு அங்குலத் தெர்மோகோல் சுற்றி, மேலே மட்டும் திறந்து ஃப்ரீசரில் வையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் நாலு பக்கமும் உறைந்து உப்புநீர் நடுவில் மாட்டிக்கொள்ளும். மணிக்கொரு தடவை பார்த்து, மேலே விரல் தடிமன் பனி வந்ததும் எடுத்துவிடுங்கள். பனி வெளிறியும் அடிநீர் கருநீலமாகவும் இருக்கும்.

பனியைக் குளிர்நீரில் சட்டென்று அலசி உருக்குங்கள். உருகிய நீர், அடிநீர் இரண்டையும் 100 மி.லி. அளந்து தனித்தனியே வற்றவைத்து உப்பை நிறுங்கள். முதலில் கலந்த நீரில் சுமார் 3.6 கிராம் கிடைக்கும், அடிநீரில் அதைவிடக் கூடும். பனியில் உப்பே இருக்காது என்று எதிர்பார்க்காதீர்கள். வேகமாக உறைந்தால் சிறுசிறு பைகளாக உப்புநீர் உள்ளேயே சிக்கும், இயற்கைக் கடற்பனியிலும் அப்படித்தான். உப்பளத்து டிகிரிமானி (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் மிதவை) கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் இரண்டு நீரும் அறை வெப்பத்துக்கு வந்தபிறகே மிதக்கவிட வேண்டும்.

மணக்குடி டீச்சர்:

அட்டையை மாற்றியாச்சு. மிக்க நன்றி. செயற்கைக்கோள் படம் காட்ட எதைப் பார்க்கலாம்?

தெற்குக்கரை:

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நாசா வேர்ல்ட்வியூ தளத்தில் அண்டார்க்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடாவைத் திறந்து பாருங்கள். இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் அந்தக் கரையில்தான் இருக்கிறது (தெற்கு 69.4, கிழக்கு 76.2). மேற்கே கேப் டார்ன்லி பொலின்யாவும் தெரியும், அடிநீர் உருவாகும் இடங்களில் அதுவும் ஒன்று. குளிர்கால இருட்டிலும் மேகத்திலும் அந்தப் படம் உதவாது. அப்போது இருட்டிலும் மேகத்தின் ஊடாகவும் பனியைக் காட்டும் மைக்ரோவேவ் வரைபடம்தான். ஜெர்மனியின் பிரெமன் பல்கலைக்கழகம் 6.25 கி.மீ. கட்டங்களில் தினமும் வெளியிடுகிறது. அதில் மெல்லிய புதுப்பனி திறந்த நீர்போலக் குறைத்துக் காட்டப்படும். கரையை ஒட்டிய கட்டங்களில் நிலத்தின் சாயலும் கலந்துவிடும். ஆகவே குறுகலான கரையோரத் திறப்பைத் தேடாமல், ராஸ் கடல் போன்ற பெரியதொன்றை எடுத்து, வாரம் ஒரு படமாக வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள்.