வீடியோவுக்கு ஒரு மாத விடுமுறை: தேவையா, வீம்பா?

நெல்லை நூல்கண்டு | இரவு 8:10
தையல் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை ஆகும். ஒரே ஒரு வீடியோ என்றுதான் போனை எடுப்பேன். காலர் வெட்டுவதில் ஆரம்பித்தது, யாரோ ஒருவர் கண்டி ரயிலில் தொங்கிக்கொண்டு போவதில் வந்து நிற்கும். மணி பார்த்தால் ஒன்றரை. போன மாதம் கல்யாண வீட்டு ரவிக்கை ஒன்றில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பட்டுத் துணி. பிரித்தால் ஊசித் தடம் தெரியும். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்த பார்வை இருக்கிறதே!

அன்றைக்கே யூடியூபை முடக்கினேன். 23 நாள் ஆகிறது. அந்த ஐகான் இருந்த இடத்தில் இப்போது கால்குலேட்டர். முதல் வாரம் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் தினமும் பத்து தடவையாவது கால்குலேட்டரைத் திறந்தது. எல்லோரும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி வரலாம்.

கார்புரேட்டர் காலத்து ஆள் | 8:31
வந்துவிட்டேன் அண்ணாச்சி. நான் டூவீலர் மெக்கானிக். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புதிய புகை விதி வந்தது. இருபது வருடமாக வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டே டியூன் செய்தவன், திடீரென்று கைநாட்டு மாதிரி ஆகிவிட்டேன். இன்ஜெக்டர், சென்சார், ஸ்கேனர் என்று எல்லாம் புதுசு. எங்களைப் போன்ற ரோட்டோரக் கடைக்கு வந்து யார் பாடம் எடுப்பார்கள்? யூடியூப்தான் வாத்தியார், அதுவும் பாதி இந்தியில். அப்போது ஒரு மாதம் லீவு விட்டிருந்தால் கடைக்கும் சேர்த்து லீவு விட்டிருப்பேன். போன் ஒரு ஸ்பேனர். காலில் போட்டுக்கொண்டது நீங்கள், பழி ஸ்பேனர் மேலா?

நெல்லை நூல்கண்டு | 8:40
தம்பி, ஒரு நட்டைக் கழற்றி முடித்ததும் உங்கள் ஸ்பேனர் தானாக எழுந்து போய் அடுத்த வண்டி நட்டைக் கழற்றுமா? இது கழற்றுகிறது. நாம் கூடவே இழுபட்டுப் போகிறோம்.

பின்னிரவு ஷிப்ட் | 9:02
ஸ்பேனர் கதையில் அண்ணாச்சி பக்கம். 2018 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில், அப்போது யூடியூபின் தயாரிப்புத் தலைவராக இருந்த நீல் மோகனே சொன்னார்: மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரை வழியாக வருவது. நாமாகத் தேடிப் போவது கொஞ்சம், பந்தியில் கேட்காமலே இலையில் விழுவதுதான் அதிகம்.

ஆனால் ஒரு மாத விரதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நானே இரண்டு தடவை இருந்தேன். விரதம் முடிந்த அன்று இரவு விடிய விடியப் பார்த்தேன். அதற்குப் பதில், நாம் பார்த்ததையெல்லாம் யூடியூப் குறித்துவைக்கும் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்துங்கள், பழையதையும் மொத்தமாக அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்டில் வந்த மாற்றம் இது: உங்களைப் பற்றிய சரித்திரம் இல்லையென்றால் முகப்பில் பரிந்துரையே வராது, வெறும் தேடல் பெட்டிதான். அடுத்த வீடியோவைத் தானாக ஓடவிடும் ஆட்டோபிளேயையும் அணையுங்கள். மெக்கானிக் அண்ணனுக்கு வேண்டிய சென்சார் பாடம் தேடினால் அப்போதும் கிடைக்கும்.

ரெண்டரை வயசு அம்மா | 9:47
ஆண்கள் எல்லோரும் உங்கள் தூக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகன் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறப்பான். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது எனக்கும் தெரியும். மூன்று வேளைச் சோற்றிலேயே அது தீர்ந்துவிடுகிறது. நான் போனை ஒளித்து வைத்தால் மாமியார் தன் போனை எடுத்து நீட்டுவார். நிலாவைக் காட்டி ஊட்டச் சொல்லி யாரும் எழுதிவிடாதீர்கள். எங்கள் பால்கனியில் தெரிவது எதிர் ஃபிளாட்டின் ஏசிப் பெட்டி.

நெல்லை நூல்கண்டு | 9:58
ஏசிப் பெட்டி மேல் புறா உட்காராதா அம்மா?

ரெண்டரை வயசு அம்மா | 10:05
உட்காரும் சார். நாலு வாய்க்கு மேல் தாங்காது. ஆனாலும் இப்போது ராத்திரிச் சோறு மட்டும் போன் இல்லாமல் ஊட்டுகிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது, பாதி தரையில் கிடக்கிறது. என்னால் முடிந்தது ஒரு வேளை. ஒரு மாதம் என்று சொல்பவர்கள் என் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும்.

கார்புரேட்டர் காலத்து ஆள் | 10:20
தங்கச்சி சொல்வதுதான் நடைமுறை. அண்ணாச்சி மாதிரி ஒரேயடியாக அறுத்தெறிய எல்லோராலும் முடியாது. சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நேற்று எரிபொருள் பம்ப் அழுத்தம் பார்ப்பது எப்படி என்று தேடினேன், ஏழு நிமிட வீடியோ. அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒருவன் பழைய லாரியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் லாரியே கிடையாது.

பின்னிரவு ஷிப்ட் | 10:24
அண்ணே, ஹிஸ்டரி.

கார்புரேட்டர் காலத்து ஆள் | மறுநாள் காலை 11:15
அழித்துவிட்டேன். முகப்பு துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. பட்டறைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நெட் பேக் தீர்ந்துபோச்சா?" என்றான். வேலை இல்லாத நேரத்தில் அவன் போனைத்தான் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.