நாஷ்வில் ரைமன் அரங்கம்: ஹேங்க் வில்லியம்ஸ் நின்ற பலகை இன்னும் இருக்கிறதா?

பழையரிக்கார்டு:
நாஷ்வில்லில் வெள்ளி, சனி என்று ஒன்றரை நாள்தான். ரைமனை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். சாதா டிக்கெட் போதுமா, வழிகாட்டியோடு மேடைக்குப் பின்னால் போவதை எடுக்கலாமா? பழைய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் நின்ற அதே பலகை அங்கே இருக்கிறதா? அன்றிரவு கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியும் ரைமனிலேயே நடக்குமா?

பாஞ்சோ5கம்பி:
பலகை விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்று நாம் ஏறும் மேடை 2012 பிப்ரவரியில் போட்டது, பிரேசில் தேக்கு. அதற்கு முன்பிருந்த ஓக் தளம் 1951-இல் போட்டது. அதில் முன்விளிம்பை மட்டும் 18 அங்குல அகலத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். நிறமே காட்டிக்கொடுக்கும்: தேக்கு பழுப்பு, விளிம்பு வெளிறிய மஞ்சள். படம் எடுக்க ஏறியதும் நேராக மைக்கைப் பார்த்துப் போய்விடாமல் குனிந்து காலடியைப் பாருங்கள்.

இன்னொரு துண்டு ரைமனிலேயே இல்லை. அதுவரை ரைமனில் நடந்த ஆப்ரி, 1974 மார்ச்சில் ஆப்ரி ஹவுஸ் என்ற புது அரங்குக்கு இடம் மாறியபோது, பழைய மேடையிலிருந்து 6 அடி வட்டம் ஒன்றை அறுத்து அங்கே நடுமேடையில் பதித்தார்கள். 2010 மே வெள்ளத்தில் அந்த மேடைக்கு மேலே 46 அங்குலம் தண்ணீர் நின்றது. வட்டத்தைச் சீர்செய்து மறுபடி பதித்துவிட்டார்கள்.

ஹேங்க் கணக்கு இப்படி வருகிறது: ஆப்ரியில் அவர் முதலில் பாடியது 1949 ஜூன் 11. அன்று நின்றது இதற்கும் முந்தைய தளம், அதாவது பிரபலமான அந்த இரவுக்கும் இந்த ஓக்குக்கும் சம்பந்தமில்லை. 1952 ஆகஸ்டில் ஆப்ரி அவரை நீக்கியது. 1951-க்கும் அதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சொற்பக் காலத்தில்தான் இந்தப் பலகையில் அவர் கால் பட்டிருக்கிறது.

மாடிவரிசை:
டிக்கெட்டுக்கு வருகிறேன். சாதா டிக்கெட்டில் கூடம், மாடி, கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள உடைகள், மேடை எல்லாம் அடக்கம். ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒப்பனை அறைகளுக்குப் போக வழிகாட்டியோடுதான் முடியும். ஆனால் அவை 1994-இல் அரங்கத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது ஒழுங்குசெய்தவை. பழைய ஆப்ரி காலத்து அறைகளை எதிர்பார்த்துப் போனால் சப்பென்று ஆகிவிடும். இந்தக் கட்டடம் 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது, மேடைக்குப் பின்னால் இடமே கிடையாது. பாடகர்கள் பின்னாலுள்ள குறுகிய சந்து வழியாக டூட்சீஸ் மதுக்கடையில் போய் நின்றதற்கு அதுதான் காரணம். அந்தச் சந்து வரை இலவசமாகவே போய்ப் பார்க்கலாம் :)

காலை 9 மணிக்குத் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். இரவு நிகழ்ச்சி உள்ள நாளில் மதியத்துக்கு மேல் மேடையில் ஒயரும் ஸ்பீக்கரும் ஏறிவிடும், ஒலிச் சோதனையும் தொடங்கிவிடும். உள்ளே விட்டாலும் கூடத்தின் அமைதி கிடைக்காது.

பாஞ்சோ5கம்பி:
ஆப்ரி இப்போது வழக்கமாக நடப்பது நகர மையத்திலிருந்து கிழக்கே சுமார் 10 மைல் தள்ளியுள்ள ஆப்ரி ஹவுஸில். ரைமனுக்குத் திரும்புவது குளிர்காலத்தில் சில நிகழ்ச்சிகளுக்கு மட்டும். டிக்கெட் வாங்கும்போது தேதியோடு அரங்கத்தின் பெயரையும் பாருங்கள், இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான வாசலில் நிற்பவர்கள் உண்டு. வெள்ளி மாலை நெரிசலில் அந்த 10 மைல் நிறைய நேரத்தைத் தின்னும். வட்டத்தின் மேல் நீங்களே நிற்க வேண்டுமானால் ஆப்ரி ஹவுஸின் பகல்நேரச் சுற்றுலா தனி டிக்கெட்.

பழையரிக்கார்டு:
வெள்ளி பகல் ரைமன், இரவு ஆப்ரி ஹவுஸ், சனி காலை வட்டம். ஒருவேளை ரைமனில் வேறு கச்சேரி கிடைத்தால் எங்கே உட்காருவது?

மாடிவரிசை:
மாடியில் நடு, முன் வரிசைகள். கீழ்த்தளத்தில் பின்னால் போகப் போக மாடி தலைக்கு மேல் வந்துவிடும், ஒலி மழுங்கும், மேடையின் மேற்பகுதி மறையும், சில இடங்களில் தூண் வேறு. மாடியின் இரு ஓரங்களும் வேண்டாம். மேடையைப் பிற்பாடு கூடத்துக்குள் நுழைத்துக் கட்டியதால் அங்கிருந்து பாடுபவரைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். இருக்கை எல்லாம் தேவாலய மரப் பெஞ்சு. கைப்பிடி இல்லை, இருக்கை எண்படிதான் இடம், பக்கத்தில் இருப்பவர் சற்றுப் பருமன் என்றால் உங்கள் எண்ணில் பாதி அவருக்கு. பெஞ்சின் ஓரத்து எண் கிடைத்தால் விடாதீர்கள்.