108 அழுத்திய பிறகு ஓர் அமைதி

கொழிஞ்சாம்பாறை, பால் சங்கம்:
பழைய தொலைபேசியை எடுத்துவிட்டு இணையத் தொலைபேசி வைத்த மூன்றாம் வாரம். கணக்கு எழுதும் அக்கா மயங்கி விழுந்தார். ரிசீவரை எடுத்து 108 அழுத்தினேன். மணியும் அடிக்கவில்லை, பிஸி ஒலியும் வரவில்லை. ஐந்தாறு நொடி பொறுத்து, வைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மூன்று முறை இப்படியே. கடைசியில் பால் ஊற்ற வந்த பையன் தன் கைபேசியில் அழைத்தான். அக்கா பிழைத்துவிட்டார். 108க்குப் பின்னும் இலக்கம் வரும் என்று கருவி பத்து நொடி காத்திருந்ததாம். அது அனுப்பும் முன்பே ஒவ்வொரு முறையும் நான் ரிசீவரை வைத்துவிட்டேன். ஹாஷ் பொத்தானை அழுத்தியிருந்தால் உடனே போயிருக்கும். அந்த அமைதி இன்னும் காதில் நிற்கிறது.

பாலக்காடு, உரக்கடை:
எங்களுக்கு நேர்மாறு. சித்தூர் கடையில் இருந்த கருவியை அப்படியே பாலக்காட்டுக் கிளைக்குக் கொண்டுவந்தோம். அங்கே ஊர்க் குறியீடு 04923, உள்ளூர் எண் ஆறு இலக்கம். இங்கே 0491, ஏழு இலக்கம். ஏழாவதுக்கு விரல் போகும் முன்பே ஆறோடு அழைப்பு கிளம்பிவிடும். எத்தனை இலக்கம் வந்ததும் அனுப்ப வேண்டும் என்று கருவியில் எழுதியிருக்கும் விதியை மாற்றும் வரை நான்கு நாள் வியாபாரம் போயிற்று. அண்ணா, நீங்கள் காத்திருப்பை மூன்று நொடியாகக் குறையுங்கள், தீர்ந்தது.

வேலந்தாவளம்:
தயவுசெய்து குறைக்காதீர்கள். என் அப்பா பொள்ளாச்சி மண்டி எண்ணைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். 04259 அழுத்துவார், கண்ணாடியைச் சரிசெய்து மீதியைப் படிப்பார். மூன்று நொடி வைத்த அன்று பாதி எண்ணோடு அழைப்பு போய், எண் தவறு என்று மலையாளத்தில் ஒரு குரல் வந்தது. தனக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்துத் தொலைபேசியையே விட்டுவிட்டார்.
நேரத்தைத் தொடாமல் விதியை எழுதுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வோர் இலக்கமும் எக்ஸ்சேஞ்சுக்குப் போனது, எண் முடிந்ததா என்று அதுவே முடிவு செய்தது. இப்போது கருவி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் அனுப்புகிறது. எங்கே முடிகிறது என்று நாம் சொல்லித்தர வேண்டும். வெளியூர்த் தரைவழி எண் 0 சேர்த்தால் 11 இலக்கம். கைபேசிக்கும் 2021 ஜனவரி 15 முதல் 0 சேர்க்கிறோம், அதுவும் 11. ஆகவே 0, அதை அடுத்துப் பூஜ்யம் அல்லாத இலக்கம், பிறகு ஒன்பது இலக்கம் வந்ததும் அனுப்பு என்று ஒரு விதி. 1-ல் தொடங்கி மூன்று இலக்கம் வந்ததும் அனுப்பு என்று இன்னொரு விதி. 108 காத்திருக்காது.

கோபாலபுரம், ஆசிரியை:
ஐயா, உங்கள் இரண்டாவது விதிதான் எங்கள் பள்ளித் தொலைபேசியில் இருந்தது. குழந்தைகள் உதவி எண் 1098. நான் 109 அழுத்தியதுமே அழைப்பு போய்விட்டது, 8-க்கு இடமே இல்லை. 100, 101, 108, 112, 1098 என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அன்று நான்கு முறை அழுத்தினேன். அந்தச் சிறுமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான்காவது முறை, "வேண்டாம் டீச்சர், வீட்டுக்கே போகிறேன்" என்றாள்.