பாம்புக் கடியில ரத்தம் உறையலைன்னா சிஸ்டரே விஷமுறிவு மருந்தைத் தொடங்கலாமா?

மலையோரச் சிஸ்டர்: விடியுமுன்ன ரப்பர் பால்வெட்டப் போனவருக்குக் காலில் கடி. பாம்பைப் பார்க்கலை. 2 மில்லி ரத்தம் கண்ணாடிக் குழாயில எடுத்து, 20 நிமிஷம் அசைக்காம வச்சு, ஒருதடவை சரிச்சா தண்ணியா ஓடுது, அதாவது விஷம் ரத்தத்தை உறைய விடலை. டாக்டர் அங்க இல்ல. முன்கூட்டியே அவர் கையெழுத்திட்ட நிலையாணை (இப்படி வந்தா இதைச் செய்யலாம்னு எழுதின உத்தரவு) இருந்தா, 10 குப்பி விஷமுறிவு மருந்தை சிஸ்டரே தொடங்கணும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி போய்ப் பார்த்துக்கலாம்னு வெறும் சலைனோட ஏத்தி அனுப்புறது சரியில்ல.

நாஞ்சில் ஐசியூ: அவசரப்படாதீங்க சிஸ்டர். அந்தக் குழாய் சோப்புப் போட்டுக் கழுவினதா? அப்படின்னா நல்ல ரத்தமும் உறையாது. பிளாஸ்டிக் குழாயும் அப்படித்தான். அடுத்தது, ரப்பர் தோட்டத்துல கூன்மூக்குக் குழிவிரியனும் உண்டு. நம்ம மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். குழிவிரியன் விஷத்துக்குக் கேட்காத மருந்தை ஏத்தி ஒவ்வாமையில மூச்சு அடைச்சா, மூச்சுக்குழாயில டியூப் போட யார் இருக்கா?

மலையோரச் சிஸ்டர்: குழாய் விஷயம் முழுக்கச் சரி. புதுக் குழாய்தான் வேணும். ஆனா பாம்பைப் பார்க்காம குழிவிரியன்னு முடிவு கட்டுறது ஊகம் அண்ணே. கண்ணாடி விரியனா இருந்தா, போற வழியெல்லாம் ரத்தம் கசியும், கிட்னியும் கெடும். மருந்து ஏத்துமுன்ன ஒவ்வாமையை முறிக்கிற அட்ரினலின் அரை மில்லி சிரிஞ்சில தயாரா இருக்கணும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, பிரஷர் இறக்கம், எது வந்தாலும் டிரிப்பை நிறுத்தித் தொடைத் தசையில போடணும். தோலில் சோதனை ஊசி வேண்டாம், அது எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

நாஞ்சில் ஐசியூ: அட்ரினலின் போட்டும் மூச்சு திரும்பாத ஆளும் உண்டே. ஆம்பு பேக் (கையால அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பை), ஆக்சிஜன், அதைப் பிடிக்கப் பழகின ரெண்டாவது கை, இது மூணும் இல்லாத இடத்துல நிலையாணை வெறும் காகிதம். இருந்தா நானும் ஒத்துக்கிடுதேன்.

குமரி பார்மசிஸ்ட்: ஒண்ணு விட்டுட்டீங்க. வீட்டுல இறுக்கிக் கட்டின கயித்தை வந்ததும் அறுத்துடாதீங்க, தேங்கின விஷம் மொத்தமா ஏறும். நரம்புல டிரிப் லைன் போட்டு, விஷமுறிவு மருந்து பக்கத்துல வந்தப்புறம் மெதுவா அவிழ்க்கணும்.

மலையோரச் சிஸ்டர்: ஆமா அண்ணே. மருந்து ஏத்தினாலும், ரத்தத்தை உறைய வைக்கிற பொருளை ஈரல் திரும்பச் செய்ய நேரம் எடுக்கும். அதனால மறுசோதனை 6 மணி நேரம் கழிச்சு. ரெண்டாவது சுற்று மருந்துக்கும் உறையலைன்னா அப்போ குழிவிரியனைச் சந்தேகிக்கலாம், முதல்லயே இல்ல. கடிச்ச நேரம், சோதனை நேரம், ஏத்தின குப்பி, மூத்திர அளவு நாலையும் அனுப்புற சீட்டுல எழுதணும்.

நாஞ்சில் ஐசியூ: கயிறு அவிழ்த்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்க. அது இல்லாம இங்க வர்ற சீட்டுதான் அதிகம்.