‘இலகு ரயில்’ பத்தி: என் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கறேன்

எல்லாருக்கும் வணக்கம். லைட் ரெயில், அதாவது தெருவுலயும் ஓடற, டிராமை விடப் பெருசா மெட்ரோவை விடச் சின்னதா இருக்கற நகர ரயில், அதுக்கு நம்ம அகராதியில என்ன சொல் வைக்கலாம்னு போன வாரம் முழுக்க பேசினோம்ல, அதுல ‘இலகு ரயில்’ கூடவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னது நான்தான். நேத்து புதுசா தொறந்த ஒரு லைன்ல இந்த முனையிலேந்து அந்த முனை வரைக்கும் போயிட்டு அதே வண்டியில திரும்பியும் வந்தேன், இப்போ மனசு மாறிடுச்சு.

நான் ஏன் எதிர்த்தேன்னா, இலகுன்னு படிச்சா எடை கம்மின்னு தோணும். ஆனா 30 மீட்டர் நீள வண்டி ஒண்ணு காலியாவே சுமார் 40 டன் வரும், இதுல எங்க லேசு? 1972-ல அமெரிக்காவுல நகரப் போக்குவரத்துக்கான அரசு அமைப்பு இந்தப் பேரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தப்பவும் எடையைச் சொல்லல, மெட்ரோ அளவுக்குக் கூட்டம் ஏத்தாது, அவ்வளவு பெரிய கட்டுமானமும் கேக்காதுங்கறதைத்தான் சொன்னாங்க. ஜெர்மன்காரங்க இந்த வம்பே இல்லாம ஷ்டாட்பான், அதாவது நகரப் பாதைன்னு வெச்சுக்கிட்டாங்க.

அதனாலதான் டிராமுக்கும் மெட்ரோவுக்கும் நடுவுல இருக்கறதால ‘இடைரயில்’னு சொன்னேன். அது பேச்சுல வேற மாதிரி ஒலிக்கும்னு குழுவுல ஐயா ஒருத்தர் எழுதின பதில் ரொம்ப சரி. இடம் பேச்சுல எடமாகுது, இலை எலையாகுது, அப்போ இடைரயிலும் எடைரயில்தான். எந்த அர்த்தம் வேணாம்னு சொன்னேனோ அதுவே வந்து உக்காந்துக்குது. அந்தச் சொல்லை விட்டுடலாம்.

இப்போ நேத்து பாத்தது. நிறுத்தத்துல மேடை முழங்கால் உயரம்கூட இல்ல, நடைபாதையிலேந்து ஒரு சரிவுல நேரா ஏறிடலாம். வண்டி வந்து கதவு தொறந்தா வண்டியோட தரையும் மேடையும் ஒரே மட்டம், சக்கர நாற்காலியில வந்த பாட்டியம்மா ஒருத்தங்க யாரு கையும் படாம தானே உருட்டிக்கிட்டு உள்ள போய் ஜன்னலோரமா நின்னுட்டாங்க, பலகை போடல, லிஃப்ட் தேடல. அப்பதான் யாழ்ப்பாணத்து நண்பர் எழுதினது புரிஞ்சுது, அவங்க பேச்சுல இலகுன்னா சுலபம்னுதான் அர்த்தம், எடை நெனப்பே வராது. இலங்கைப் பத்திரிகைகள்லயும் ‘இலகு ரயில்’ ஏற்கெனவே ஓடுது. ஏர்றதுக்கு இலகு, தெருவோட சேர்றதுக்கு இலகு, அப்படி எடுத்துக்கிட்டா இதை விடப் பொருத்தமா எனக்கு வேற கெடைக்கல. அகராதியில விளக்கம் எழுதறப்போ மட்டும் ‘எடையைக் குறிப்பதன்று’ன்னு ஒரு வரி கண்டிப்பா போடணும், அது இல்லாம நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னும் மூணு சொல் வேணும். தெருவுல போறப்போ ஓட்டுநர் பஸ் மாதிரி கண்ணால பாத்துதான் ஓட்டறார், குறுக்க ஒருத்தர் வந்தப்போ மணி அடிச்சுக்கிட்டே வேகத்தைக் குறைச்சார். சாதாரண ரயில் கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள நிக்காது, அதான் அங்க சிக்னலை நம்பி ஓட்டறாங்க, இதுல அவசரத்துக்குத் தண்டவாளத்தையே பிடிச்சுக்கற காந்த பிரேக் இருக்கு. இந்த ஓட்டற முறைக்கு ‘பார்வை ஓட்டம்’ சரியா வருமா?

ரெண்டு பெட்டியை இணைக்கிற எடத்துல கொஞ்ச நேரம் நின்னேன், வளைவு வந்ததும் காலுக்குக் கீழ வட்டமான தட்டு மெல்லத் திரும்புது, பக்கத்துல துருத்தி மாதிரி ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரியுது. அதுக்கு ‘மூட்டு’ போதும், கை கால்ல இருக்கற அதே மூட்டுதான்.

மூணாவது, ரோட்டு மட்டத்துலயே பதிச்ச, மேல்பக்கத்துல நீளவாக்குல பள்ளம் ஓடற தண்டவாளம். தச்சு வேலையில பலகையில எடுக்கற பள்ளத்தைக் காடின்னுதான் சொல்றாங்க, அதை வெச்சு ‘காடித் தண்டவாளம்’னு போட்டிருக்கேன். மரவேலை தெரிஞ்சவங்க இருந்தா காடி சரியான்னு சொல்லுங்க, உங்க பக்கத்துல வேற பேர் இருந்தா அதையும் எழுதுங்க.