லாங் பீச்சில் டிரிஃப்ட் போட்டி: தேவகோட்டைத் தம்பிக்குக் காரைக்குடியிலிருந்து பதில்

கேள்வி: அண்ணே, சொந்த ஊர் தேவகோட்டை. லாஸ் ஏஞ்சலஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது. கார் டிரிஃப்டிங், அதான் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுக் குறுக்கே சாய்த்து ஓட்டுவது, என்றால் எனக்கு உயிர். சனிக்கிழமை ராத்திரி ஒரு நாற்சந்தியில் கார் சுற்றுவார்கள், டிக்கெட் கிடையாது, வா என்கிறான் ரூம்மேட். ஃபார்முலா டிரிஃப்ட் என்கிற முறையான டிரிஃப்ட் போட்டிக்குத் தனியாகப் போகவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, லீவுக்குக் காரைக்குடி வந்திருக்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நாற்சந்திக்குப் போகாதீர்கள். கலிஃபோர்னியாவில் பல ஊர்களில் அங்கே வேடிக்கை பார்க்க நிற்பதே குற்றம். போலீஸ் காரைப் பிடித்தால் 30 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைதானதுண்டா" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு "ஆம்" என்று எழுத ரூம்மேட் கூட வரமாட்டான்.

ஃபார்முலா டிரிஃப்டுக்குத் தாராளமாகப் போங்கள். 2004-இல் முதல் சீசன் நடந்தது. வழக்கமாக ஏப்ரலில் லாங் பீச் கடற்கரையோரத் தெருக்களை அடைத்துத்தான் தொடங்குவார்கள். கார் வாங்கவில்லையே என்று கவலை வேண்டாம், மெட்ரோ ஏ லைன் லாங் பீச் டவுன்டவுன் வரை போகிறது. இறங்கி நடந்துவிடலாம்.

எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நான் ஒன்றும் புரியாமல் புகையைப் பார்த்துவிட்டு வந்தவன். நேற்று அப்பத்தாவிடம் செல்போனில் ஒரு வீடியோ காட்டினேன். "யாருப்பா முதல்ல வந்தது?" என்றார். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வண்டிப் பந்தயம் பார்த்தே வளர்ந்த ஊர், வேறு எப்படிக் கேட்பார்? இங்கே முதலில் வருவது கணக்கே இல்லை. இரண்டு கார் சேர்ந்து ஓடும். முன்னால் போவது லீட், பின்னால் வருவது சேஸ். லீட் காரர் நடுவர்கள் குறித்த பாதையில், பின்சக்கரம் வழுக்க, வண்டியை நன்றாகக் குறுக்கே சாய்த்து ஓட்ட வேண்டும். சேஸ் காரர் அவர் கதவை உரசுகிற மாதிரி ஒட்டி, அதே சாய்வில், அதே நேரத்தில் திரும்ப வேண்டும். அப்புறம் இடம் மாற்றி இன்னொரு ஓட்டம். இரண்டையும் சேர்த்து மூன்று நடுவர்கள் முடிவு சொல்வார்கள். பிரிக்க முடியாவிட்டால் "ஒன் மோர் டைம்" என்று மறுபடி ஓட விடுவார்கள், கூட்டம் கத்துவதே அந்த அறிவிப்புக்குத்தான்.

அதனால் கண்ணைப் பின்னால் வருகிற கார் மேல் வையுங்கள். முன் கார் கிளப்பும் புகைக்குள் ஒன்றும் தெரியாமல் நுழைகிறாரே, தைரியம் அங்கேதான் இருக்கிறது. அயர்லாந்துக்காரர் ஜேம்ஸ் டீன் 2017, 2018, 2019 மூன்று வருடமும் சாம்பியன். அவர் சேஸ் ஓடுகிற பழைய வீடியோ இரண்டு பார்த்துவிட்டுப் போனால் பாதி புரிந்துவிடும்.

வெள்ளைச் சட்டை வேண்டாம். டயர் துகள் தலை, சட்டை எல்லாம் வந்து விழும். இயர் பிளக் கட்டாயம். ஆஸ்துமா இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காருங்கள். பையில் தீனி கொண்டு போகாதீர்கள். ஒரு தடவை, வேறொரு மைதானத்தில், ஆத்தா கொடுத்துவிட்ட சீப்புச் சீடை டப்பாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் ஆறவில்லை.

கேள்வி: நன்றி அண்ணே. பிட் பக்கம், அதான் போட்டிக் கார்களை நிறுத்தி மெக்கானிக்குகள் வேலை பார்க்கிற இடம், அங்கே விடுவார்களா? போய் என்ன பேசுவது?

பதில்: பெரும்பாலும் விடுவார்கள், டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரிய பேச்செல்லாம் வேண்டாம். ஓட்டம் முடிந்து வந்த காரின் பின்டயரைக் காட்டி, "எத்தனை ஓட்டம் தாங்கும்?" என்று கேளுங்கள். மெக்கானிக் அதற்கப்புறம் விடமாட்டார். நான் அப்படித்தான் முதல் நண்பனைப் பிடித்தேன்.

ஏப்ரலில் நானும் அங்கே இருப்பேன். தனிச்செய்தியில் எழுதுங்கள், ஏ லைன் நிலையத்தில் சந்திக்கலாம். சீடை கொண்டு வருகிறேன், வாசலுக்கு முன்னாலேயே தின்று தீர்த்துவிட்டு உள்ளே போவோம்.