கொழும்பில கட்டாயப் பயிற்சி: போய்வாற செலவு ஆர் குடுக்க வேணும்?

நல்லூர்வாசி

தனியார் கொம்பனி ஒண்டின்ர யாழ்ப்பாணக் கிளை. கிளையில இருந்து 6 பேர் வெள்ளி, சனி, ஞாயிறு மூண்டு நாளும் கொழும்பு தலைமை அலுவலகத்தில பயிற்சிக்கு வரவேணும் எண்டு மின்னஞ்சல் வந்திருக்கு. "கட்டாயம், சமுகமளிக்காதோரின் தகுதிகாண் காலம் நீடிக்கப்படும்" எண்டும் எழுதியிருக்கினம். பயிற்சிக் கட்டணமும் மத்தியானச் சாப்பாடும் கொம்பனி பொறுப்பு. போக்குவரத்து, தங்குமிடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டதுக்கு, "நீங்கள் வேலைக்கு வாறதுக்கு நாங்கள் பஸ் காசு தாறேல்லைத்தானே, இதுவும் அப்பிடித்தான்" எண்டு பதில்.

நியமனக் கடிதத்தில "நிறுவனம் ஒழுங்கு செய்யும் பயிற்சிகளில் பங்குபற்ற வேண்டும்" எண்டு ஒரு வரி மட்டும் இருக்கு. சட்டம் என்ன சொல்லுது? எந்தெந்தச் செலவைக் கேக்கலாம்? எப்பிடி எழுதிக் கேக்கிறது?

---

கணக்குப்புத்தகம்

அவை சொல்லுற நியாயம் பிழை. நியமனக் கடிதத்தில வேலைத்தலம் எண்டு எது போட்டிருக்கோ, அதுக்கு வீட்டில இருந்து வாற செலவு மட்டும்தான் ஊழியற்றை. கொக்குவிலில இருந்து வாறதோ கொடிகாமத்தில இருந்து வாறதோ அவரவர் விருப்பம். அந்த வேலைத்தலத்தைத் தாண்டி, கொம்பனி தன்ர தேவைக்கு இன்னொரு இடத்துக்கு அனுப்பினால் அது கொம்பனியின்ர செலவு. அவையின்ர கணக்கிலயும் அது வியாபாரச் செலவாத்தான் பதியப்படும். பயிற்சிக் கட்டணத்தை ஏற்கிற கொம்பனி பயணத்தை மட்டும் தள்ளிவிடுறதுக்கு ஒரு காரணமும் இல்லை.

கணக்குப் போடேக்க கூடுதல் செலவை மட்டும் கேளுங்கோ. உள்ளூர்ப் பயிற்சி எண்டால் இது முக்கியம். உதாரணத்துக்கு, சாவகச்சேரியில வேலை செய்யிறவருக்கு வழமையா ஒரு நாளைக்கு 160 ரூபா முடியுது, பயிற்சி யாழ். நகரில நடக்கிற நாளில 420 முடியுது எண்டால், கோரிக்கை 260. முழுத்தொகையையும் எழுதினால் கணக்குப் பகுதி அதையே சாட்டா வைச்சு முழுப் படிவத்தையும் திருப்பி அனுப்பும்.

கொழும்புக்கு ஒருவருக்கு வாற செலவுகள்: வீட்டில இருந்து பஸ் நிலையம் அல்லது ஸ்ரேசன் வரை ஓட்டோ, போக வர ரிக்கற், கொழும்பில இறங்கின இடத்தில இருந்து தங்குமிடம், தங்குமிடத்தில இருந்து பயிற்சி இடம் (மூண்டு நாளும் இரண்டு தரம்), தங்குமிடம், காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும். கடைசி இரண்டையும்தான் கனபேர் மறக்கிறவை. மத்தியானச் சாப்பாடு தாறம் எண்டவுடன சாப்பாட்டுக் கதை முடிஞ்சுபோச்சு எண்டு நினைக்கப்படாது.

இரவு பஸ்ஸில போய் விடிய இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேர போய் இருக்கலாம் எண்டு கொம்பனி சொல்லும். ஒரு இரவு அறைக் காசு மிச்சம்தான். ஆனால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இருந்தபடி வந்தவருக்கு முதல் நாள் பாடம் ஏறாது. பயிற்சிக்குக் கட்டின காசும் வீண். வியாழன் பகலில வெளிக்கிட்டு இரவு தங்கிறதுதான் சரி. இதைக் கோரிக்கையிலேயே எழுதுங்கோ.

பற்றுச்சீட்டு விசயத்தில நாலு இடத்தில பிழைக்கும்:

ரயில் ரிக்கற்றை இறங்கிற ஸ்ரேசன் வாசலில வாங்கிப்போடுவினம். கையில ஒண்டும் மிஞ்சாது. ஏறமுதல் படம் எடுத்து வைக்கவேணும்.

தனியார் பஸ்ஸில சிலவேளை ரிக்கற்றே தராயினம், அல்லது தொகை இல்லாத துண்டு தருவினம். பதிவு செய்யிற இடத்திலயே திகதி, இருக்கை எண், தொகை எழுதி முத்திரை குத்தி வாங்குங்கோ. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் இயந்திர ரிக்கற் நல்லது, ஆனால் மை கொஞ்ச நாளில மங்கிப்போகும். அதையும் படம் எடுங்கோ.

ஓட்டோ. கொழும்பில பிக்மீ (கைபேசிச் செயலியால ஓட்டோ கூப்பிடுறது) போட்டால் பயணப் பற்றுச்சீட்டு மின்னஞ்சலில வரும். கைகாட்டி மறிச்ச ஓட்டோவுக்கு ஒண்டும் இல்லை. அதுக்கு வவுச்சரில எங்கயிருந்து எங்க, எத்தினை மணி, எவ்வளவு எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கிற முறையை முதலே ஒத்துக்கொள்ள வைக்கவேணும்.

தங்குமிடம். வெள்ளவத்தைப் பக்கம் ஆறு பேர் ஒரு வீட்டை எடுத்தால் மலிவு. பில் மட்டும் கொம்பனிப் பேரில, தங்கின ஆக்களின்ர பேர்களோட இருக்கவேணும். ஒருவற்றை பேரில மட்டும் பில் இருந்தால் மற்ற ஐந்து பேருக்கும் பங்கு காட்டேலாது.

எல்லாத்தையும் விட முக்கியம், பிறகு தாறம் எண்டதுக்கு ஒத்துக்கொள்ளாதேங்கோ. ரிக்கற்றும் அறையும் முழுக்க முற்பணமா வரவேணும். திரும்பி வந்து 7 நாளுக்குள்ள கணக்குக் காட்டி மிச்சத்தைக் குடுக்கிறதோ வாங்கிறதோ செய்யலாம். புதுசா சேர்ந்த ஆளின்ரை கையில அவ்வளவு காசு இருக்கும் எண்டு எதிர்பார்க்கிறதே அநியாயம்.

---

தொழிற்சட்டம்

சட்டப் பக்கத்தைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பயணச் செலவும் பயிற்சி நேரமும் ஒரே நிலையில் இல்லை.

விற்பனை, அலுவலக ஊழியருக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். பயிற்சிக்கான பயணச் செலவை ஆர் ஏற்பது என்று அதில் தனியாக ஒரு பிரிவு இல்லை. ஆகவே அது நியமனக் கடிதம், நிறுவனத்தின் உள் விதிகள், கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அது, இதுவரை நிறுவனம் நடந்துகொண்ட முறை ஆகியவற்றில் தங்கியிருக்கும். தலைமை அலுவலகத்தில் இருந்து யாழ்ப்பாணம் வருகிற அதிகாரிகளுக்குப் பயணப்படி கொடுக்கிறார்கள் என்றால், அந்த உள்விதியின் பிரதியைக் கேளுங்கள். பெரும்பாலும் அதில் "கடமைப் பயணம்" என்றுதான் இருக்கும், பதவித்தரம் இருக்காது. அந்த இடத்தில் உங்கள் கோரிக்கை பலமாகிறது.

நேரம் வேறு விசயம். அதில் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. கட்டாயம் என்று அழைத்தால் அது வேலைநேரம். பயிற்சி காலை 8.30 முதல் மாலை 5 வரை, இடையில் ஒரு மணித்தியாலம் சாப்பாடு என்றால் நாளுக்கு 7.5. திங்கள் முதல் வியாழன் வரை 32, பயிற்சி மூன்று நாளும் 22.5, மொத்தம் 54.5. மேலதிகம் 9.5 மணித்தியாலம். மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரை மடங்கு: 48,000 ரூபா சம்பளத்துக்கு மணித்தியாலம் 300, ஆக 2,850 ரூபா. வாராந்த ஒன்றரை நாள் விடுமுறையும் பறிபோகிறது, அதற்கு மாற்று நாள் கேளுங்கள். அந்த மூன்று நாளில் ஒன்று போயா தினமாக (பௌர்ணமி விடுமுறை) இருந்தால் அன்றைய சம்பளம் ஒன்றரை மடங்கு.

எழுத்தில் அனுமதி வாங்குவது காசுக்காக மட்டும் இல்லை. வழியில் விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோர வேண்டிவரும். 2022இல் வந்த திருத்தம் வேலைக்குப் போய்வரும் பயணத்தையும் சேர்த்துக்கொண்டது. நிறுவனத்தின் கட்டளைப்படி, இந்தத் திகதியில், இந்த வழியால் போகிறார் என்ற கடிதம் இருந்தால் வாதமே எழாது.

ஒரு எச்சரிக்கை: காசு தராவிட்டால் போகமாட்டோம் என்று நிற்காதீர்கள். தகுதிகாண் காலத்தில் அதைக் கட்டளை மீறல் என்று எழுதிவிடுவார்கள். எதிர்ப்பை எழுத்தில் பதிந்துவிட்டுப் போய்வாருங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"... திகதிய மின்னஞ்சலின்படி கொழும்பில் நடைபெறும் கட்டாயப் பயிற்சிக்கு எமது கிளையிலிருந்து 6 பேர் செல்ல வேண்டியுள்ளது. நியமனக் கடிதங்களின்படி எமது வேலைத்தலம் யாழ்ப்பாணக் கிளையாகும். ஒருவருக்கான மதிப்பீட்டுச் செலவு இணைக்கப்பட்டுள்ளது. அதனை முற்பணமாக வழங்குமாறும், வியாழன் பிற்பகல் முதல் திரும்பி வரும் வரையான காலத்தைக் கடமையாகக் கணிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அனுமதியை ... திகதிக்கு முன் எழுத்தில் அறியத்தரவும்."

ஆறு பேரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தனித்தனியாக எழுதினால் தனித்தனியாகத்தான் பதில் வரும்.

---

நல்லூர்வாசி

நன்றி இரண்டு பேருக்கும். கடிதம் போனது. இப்ப ஆளுக்கு 10,000 ரூபாவைச் சம்பளத்தோட "படி" எண்டு சேர்த்துத் தாறம் எண்டு சொல்லுகினம். அதோட ஒரு பொண்ட்டும் அனுப்பியிருக்கினம்: ஒரு வருசத்துக்குள்ள விலகினால் பயிற்சிச் செலவு 48,000 ரூபாவைச் சம்பளத்தில வெட்டுவினமாம். இது சரியோ?

---

கணக்குப்புத்தகம்

சம்பளச் சீட்டுக்குள்ள போடவிடாதேங்கோ. பில்லுக்கு எதிரா திருப்பித் தாற செலவு வருமானம் இல்லை; அதுக்கு ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி; ஊழியர் 8, கொம்பனி 12 வீதம்) கணக்கும் இல்லை, வரியும் இல்லை. "படி" எண்டு மொத்தமா சம்பளத்துக்குள்ள வந்தால் அது வருமானம். மாதம் 150,000 ரூபாவைத் தாண்டிற ஆளுக்கு அதில வரி வெட்டுப்படும். தன்ர காசைத் திருப்பி வாங்கிறதுக்கு அவர் வரி கட்டவேண்டி வரும். தனி வவுச்சர், தனிக் கொடுப்பனவு எண்டு கேளுங்கோ. 10,000 காணுமோ எண்டதை உங்கட மதிப்பீட்டுத் தாளோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் ஒத்துக்கொள்ளவேணும்.

---

தொழிற்சட்டம்

பொண்ட் முழுவதும் கூடாது என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வடிவில் கையெழுத்திட வேண்டாம். மூன்று திருத்தம் கேளுங்கள். தொகை மாதத்துக்கு மாதம் குறைய வேண்டும்: 48,000ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் 4,000, ஏழு மாதம் முடிந்து விலகுபவர் 20,000 மட்டும் கொடுக்க வேண்டும். நிறுவனம் வேலையை விட்டு நீக்கினால் ஒன்றும் அறவிடக்கூடாது. 48,000 எப்படி வந்தது என்ற விபரம் இணைக்கப்பட வேண்டும். பயணச் செலவை அதற்குள் சேர்த்திருந்தால், உங்களுக்குத் தந்த காசை உங்களிடமே திரும்பக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஊழியரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் வெட்ட முடியாது. அந்தச் சம்மதத்தைத்தான் இந்தப் பொண்ட்டில் முன்கூட்டியே வாங்கப் பார்க்கிறார்கள்.

---

தீவகப்பயணி

அரச பக்கத்தையும் சொல்லிவிடுறன், வாசிக்கிற வேற ஆக்களுக்கு உதவும். அரச ஊழியருக்கு இந்தக் குழப்பம் குறைவு. தாபன விதிக்கோவை (அரச சேவை விதிகளின்ர தொகுப்பு) 14ஆம் அத்தியாயம் கடமைப் பயணச் செலவுக்குரியது, ரயிலுக்கு வாறண்ட்டும் (காசு குடுக்காமல் ரிக்கற் எடுக்கிற அரச அனுமதிச் சீட்டு) எடுக்கலாம். பயணத்துக்கு முதலே திணைக்களத் தலைவரின்ர அனுமதி எடுக்கவேணும். பிந்தி எடுக்கிற அனுமதியாலதான் கன கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகுது.

உள்ளூர்ப் பயிற்சியில கவனிக்காமல் விடுபடுறது நெடுந்தீவு ஆக்கள். யாழ்ப்பாணத்தில பயிற்சி பின்னேரம் 4.30க்கு முடிஞ்சால், பஸ் பிடிச்சுக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போறதுக்கு முன்னமே கடைசிப் படகு போயிடும். அவைக்கு இரவு தங்கிற செலவு கட்டாயம் வரும். அரசோ தனியாரோ, பயிற்சி ஒழுங்கு செய்யிறவை ஒண்டில 2 மணிக்கு முடிக்கவேணும், இல்லாட்டி அறைக் காசை மதிப்பீட்டில போடவேணும்.

---

தொழிற்சட்டம்

எல்லாம் கேட்டும் தராவிட்டால் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பயிற்சி மின்னஞ்சல், உங்கள் கடிதம், வருகைப் பதிவின் படம், பில்களின் பிரதி ஆகியவற்றைத் திகதி வரிசையில் கொண்டுபோங்கள். முறைப்பாட்டில் மேலதிக நேரக் கொடுப்பனவை முதலாவதாகவும் பயணச் செலவை இரண்டாவதாகவும் எழுதுங்கள். முதலாவது சட்டத்தில் நேரடியாக இருக்கிறது, நிறுவனத்தை அழைக்க அதுவே போதும். இரண்டாவதை அதே மேசையில் பேசித் தீர்க்கலாம். இதற்காக ஒருவரை வேலையால் நிறுத்தினால் தொழில் நியாயசபைக்குப் போக 6 மாதம்தான் அவகாசம். அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.